சூட்டைத் தொட்டுச் சொல்ல முடியுமா? அப்பாவின் கையும் காலும் காட்டிய பாடங்கள்

முதலில் ஒன்று செய்து பாருங்கள். ராத்திரி முழுக்க ஒரே அறையில் கிடந்த மூன்று பொருள்களை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு எவர்சில்வர் தட்டு, ஒரு மரப்பலகை, ஒரு தலையணை. வெயில் பட்டிருக்கக் கூடாது, அடுப்பங்கரைப் பக்கம் இருந்திருக்கக் கூடாது. ஒவ்வொன்றின் மேலும் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். தட்டு சில்லென்று இருக்கும், பலகை அவ்வளவு இருக்காது, தலையணை கதகதப்பாகவே தோன்றும். தெர்மாமீட்டர் வைத்தால் மூன்றும் ஒரே அளவுதான்.

காரணம் என்னவென்றால், தோலுக்குத் தெரிவது தன்னுடைய சூடு மட்டும்தான். கையின் தோல் சாதாரணமாக 32 முதல் 34 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். அதைவிடக் குளிர்ந்த பொருளைத் தொட்டால் தோலின் சூடு அதற்குள் போகிறது. எவர்சில்வர் மரத்தைவிட ஏறக்குறைய நூறு மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும் என்பதால் தட்டு நம் கையின் சூட்டைச் சட்டென்று உறிஞ்சிக்கொள்கிறது, தலையணைக்குள் இருக்கும் காற்று அதைப் போகவிடாமல் பிடித்துவைத்துக்கொள்கிறது. தோல் எவ்வளவு வேகமாகக் குளிர்கிறது என்பதைத்தான் மூளை 'இந்தப் பொருள் இவ்வளவு குளிர்ச்சி' என்று எடுத்துக்கொள்கிறது. ஈரோட்டில் மே மாதம் இதைச் செய்தால் பெரிய வித்தியாசம் தெரியாது, ஏனென்றால் அறையும் தோலும் கிட்டத்தட்ட ஒரே சூட்டில் இருக்கும், போக வேண்டிய சூடே இருக்காது. மார்கழியில் செய்து பாருங்கள்.

இதையெல்லாம் நான் தேடிப் படிக்க ஆரம்பித்தது அப்பாவின் பாதத்துக்காக. அப்பா ஈரோட்டில் ஜவுளி வியாபாரம் செய்தவர். சின்ன வயதில் கடைப் பையனாகச் சேர்ந்து, பிறகு சொந்தமாக மொத்த வியாபாரம். துணியைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு தேய்ப்பு தேய்த்தால் போதும், இது நாற்பதாம் நம்பர் நூல், இது அறுபது, இதில் கஞ்சி ஏற்றியிருக்கிறார்கள், இதில் பாலியஸ்டர் கலந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். (நூலின் நம்பர் ஏற ஏற இழை சன்னமாகும்.) இப்போதும் அந்தக் கை அப்படியேதான் இருக்கிறது. ஆனால் பல வருட சர்க்கரையில் கால் அவருக்குச் செய்தி சொல்வதை நிறுத்திக்கொண்டே வந்தது. முதலில் "கண்ணு, பஞ்சு மேல நடக்கற மாதிரி இருக்குது" என்றார். அப்புறம் வாசலில் கழற்றாமலே செருப்பு ஒன்று காலிலிருந்து நழுவிவிடும், அவர் ஒற்றைச் செருப்போடு உள்ளே வந்து நிற்பார், நாங்கள் சொன்னால்தான் குனிந்து பார்ப்பார்.

ஒரு சித்திரை மாதம் உறவினர் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தோம். கோயில் பிராகாரத்தில் நடுப்பகலில் எல்லாரும் துள்ளிக் குதித்து நிழலுக்கு ஓடினார்கள். அப்பா மட்டும் நிதானமாக நடந்து வந்தார். என் மகன்கூட "அப்பிச்சிக்கு மட்டும் சுடவே இல்லை" என்று ஆச்சரியப்பட்டான். சாயங்காலம் வீட்டில் பார்த்தால் இரண்டு பாதத்திலும் பெருவிரலுக்குக் கீழே கொப்புளம். அவருக்கு அப்போதும் வலி இல்லை. வலி இல்லாதது எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

மறுநாள் சர்க்கரை மருத்துவரிடம் போனோம். புண்ணுக்கு மருந்து கட்டிவிட்டு, "ஐயா, கண்ணை மூடிக்கோங்க, நான் தொடறது தெரிஞ்சா மட்டும் சொல்லுங்க" என்று ஒரு நைலான் இழையால் பாதத்தில் பல இடங்களில் குத்திப் பார்த்தார். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் இழை அது. அதைக்கூட உணராத பாதத்தில் புண் வந்தாலும் தெரியாது என்பதுதான் அந்தச் சோதனையின் கணக்கு. பிறகு 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டி பெருவிரல் எலும்பின் மேல் வைத்தார். அதன் பிறகு ஒரு கருவியால் சூடான முனையையும் குளிர்ந்த முனையையும் மாற்றி மாற்றி வைத்தார். அப்பாவுக்கு இசைக்கவையின் அதிர்வு மங்கலாகத் தெரிந்தது, இழை சில இடங்களில் தெரிந்தது, சூடும் குளிரும் விரல்களில் சுத்தமாகப் பிரித்துச் சொல்ல வரவில்லை.

தொடுவது, சுடுவது, குளிர்வது, வலிப்பது எல்லாம் ஒரே உணர்ச்சி என்று நாம் நினைக்கிறோம், ஆனால் அவை வேறு வேறு நரம்பு இழைகள் வழியாகப் போகின்றன. தொடுதலையும் அதிர்வையும் கொண்டுபோவது உறை சுற்றிய தடித்த இழை, விநாடிக்கு சுமார் 50 மீட்டர் வேகம். குளிரைக் கொண்டுபோவது மெல்லிய இழை. வெதுவெதுப்பைக் கொண்டுபோவது இன்னும் மெல்லியது, உறையே இல்லாதது, விநாடிக்கு ஒரு மீட்டர் அளவில்தான் போகும். காலை வெந்நீரில் வைத்ததும் தண்ணீர் பட்டது முதலில் தெரிந்து, சூடு கொஞ்சம் தாமதமாகத் தெரிவது இதனால்தான். சர்க்கரை நோயில் பலருக்கு மெல்லிய இழைகள் முதலில் அடிவாங்குகின்றன. அதனால் தொட்டால் தெரிகிறது, சுட்டால் தெரிவதில்லை என்ற நிலை வரலாம். இன்னொன்று, நீளமான நரம்புகள்தான் முதலில் கெடும். அதனால்தான் உணர்ச்சி போவது காலுறை போட்ட இடம் மாதிரி விரல் நுனியில் தொடங்கி மேலே ஏறுகிறது. கை வெகு நாளைக்குத் தப்பித்துக்கொள்கிறது. அப்பாவுக்குத் துணி தெரிந்து கல் தெரியாமல் போனது அதனால்தான்.

சரி, சூடு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், வீட்டில் ஆபத்து அதிகம் இதில்தான்.

தோலில் சூட்டுக்கும் குளிருக்கும் தனித்தனிப் புள்ளிகள் இருக்கின்றன என்று 1882-இல் ஸ்வீடனைச் சேர்ந்த மாக்னஸ் பிளிக்ஸ் கண்டுபிடித்தார். குளிர்ப் புள்ளிகள் சூட்டுப் புள்ளிகளைவிட மிக அதிகம். அந்தப் புள்ளிகளுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிய இன்னும் நூறு வருடத்துக்கு மேல் ஆனது. 1997-இல் சான் பிரான்சிஸ்கோவில் டேவிட் ஜூலியஸின் குழு மிளகாயின் காரப் பொருளை வைத்துத் தேடி, நரம்பு நுனியில் டி.ஆர்.பி.வி.1 என்ற புரதத்தைக் கண்டுபிடித்தது. அது சுமார் 43 டிகிரியைத் தாண்டினால் திறந்துகொள்ளும் ஒரு வாசல். மிளகாய் பட்டாலும் அதே வாசல் திறக்கும். மிளகாய் அரைத்த கை எரிவது நிஜமாகவே சுடும் செய்திதான், ஆனால் அங்கே சூடு கிடையாது. அந்தக் கையை வெந்நீரில் கழுவினால் எரிச்சல் கூடுவதைப் பார்த்திருப்பீர்கள், காரம் பட்ட பிறகு அந்த வாசல் இளஞ்சூட்டுக்கே திறந்துவிடும். எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு சோப்புப் போட்டுக் குளிர்ந்த தண்ணீரில் கழுவுங்கள், காரம் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். குளிருக்கான வாசல் 2002-இல் தெரிந்தது. புதினா உப்பு, அதாவது தலைவலித் தைலத்தில் இருக்கும் மெந்தால், அதைத் திறந்துவிடுகிறது. தைலம் தடவிய இடம் உண்மையில் குளிர்ந்திருக்க வேண்டியதே இல்லை. அழுத்தத்தையும் தொடுதலையும் உணரும் பியசோ2 என்ற புரதத்தைக் கண்டுபிடித்தவர் ஆர்டெம் பட்டபூட்டியன். இருவருக்கும் 2021-இல் மருத்துவ நோபல் கொடுத்தார்கள்.

இதிலிருந்து எங்கள் வீட்டில் வந்த முதல் மாற்றம்: தைலம் தடவிவிட்டு அதன் மேல் வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதை நிறுத்தினோம். மூட்டு வலிக்கு எல்லா வீட்டிலும் செய்வதுதான். ஆனால் தைலம் குளிர்ச்சி என்றோ எரிச்சல் என்றோ ஒரு பொய்ச் செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கும்போது, அடியில் தோல் வெந்துகொண்டிருப்பதை யாரும் கவனிக்க முடியாது. நல்ல தோலுக்கே ஆகாது. உணர்ச்சி குறைந்த காலுக்கு ஒத்தடமே வேண்டாம், வெந்நீர்ப் பையும் வேண்டாம், ஹீட்டிங் பேடும் வேண்டாம்.

ஏன் இவ்வளவு அடித்துச் சொல்கிறேன் என்றால், தோல் வேகும் கணக்கு நாம் நினைப்பது மாதிரி இல்லை. 1947-இல் அமெரிக்காவில் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இருவர் எவ்வளவு சூடு எவ்வளவு நேரம் பட்டால் தோல் வேகும் என்று வரிசையாகச் சோதித்து வெளியிட்டார்கள். 60 டிகிரித் தண்ணீர் என்றால் சுமார் ஐந்து விநாடி போதும். 49 டிகிரிக்குச் சில நிமிடங்கள் ஆகும். 44 டிகிரிக்கே ஆறு மணி நேரம் விடாமல் பட்டால் தோல் வெந்துவிடும். 44 டிகிரி என்பது 'இதமான சூடு'க்கு ரொம்பப் பக்கம். நல்ல காலாக இருந்தால் தூக்கத்திலேயே விலக்கிக்கொள்ளும். மரத்த கால் வெந்நீர்ப் பையின் மேல் விடியும்வரை அப்படியே கிடக்கும். விடிந்து பார்த்தால் புண், காரணம் யாருக்கும் புரியாது.

குளிக்கும் தண்ணீரைப் பதம் பார்ப்பதும் இதே கதை. வலது கையை வெந்நீரிலும் இடது கையைக் குளிர்ந்த நீரிலும் கொஞ்ச நேரம் வைத்திருந்து, இரண்டையும் ஒரே வெதுவெதுப்பான தண்ணீரில் விட்டால், ஒரு கைக்கு அது குளிரும், இன்னொரு கைக்குச் சுடும். ஜான் லாக் என்ற ஆங்கிலத் தத்துவ அறிஞர் 1690-லேயே இதை எழுதியிருக்கிறார். தோல் தான் இருந்த நிலைக்குப் பழகிவிடுகிறது, பழகிய நிலையிலிருந்து எவ்வளவு மாறியது என்பதை மட்டும் சொல்கிறது. பாத்திரம் கழுவிவிட்டு வந்த கைக்கு 38 டிகிரித் தண்ணீர் சூடாகத் தோன்றும், அடுப்படியில் நின்ற கைக்கு அதே தண்ணீர் ஆறிப்போனதாகத் தோன்றும். அதனால் அப்பா குளிக்கும் வாளிக்கு ஒரு தெர்மாமீட்டர் வாங்கினோம், விலை அதிகமில்லை, 40 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று வைத்திருக்கிறோம். தெர்மாமீட்டர் இல்லாத வீடுகளில், உணர்ச்சி நன்றாக இருக்கும் இன்னொருவர் முழங்கையை விட்டுப் பார்க்கட்டும், அந்தத் தோல் மெல்லியது, தண்ணீரிலும் அடுப்பிலும் பழகாதது. வாளியில் எப்போதும் குளிர்ந்த நீரை முதலில் நிரப்பி, பிறகு வெந்நீரைக் கலக்க வேண்டும். அவசரத்தில் யாராவது நடுவில் காலை விட்டுவிட்டாலும் ஒன்றும் ஆகாது. கீசரின் திருகையும் குறைத்து வைத்துவிட்டோம். அப்பாவுக்கு ஆரம்பத்தில் இது பிடிக்கவில்லை. "நான் தொட்டுப் பாத்தேனே" என்பார். தொட்டுப் பார்த்தது உணர்ச்சியுள்ள கை, உள்ளே இறங்குவது உணர்ச்சியில்லாத கால், நடுவில் அந்தக் கை எதில் பழகியிருந்தது என்பது வேறு.

கோயில் கல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நம் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. கருங்கல் சூட்டை நிறைய சேர்த்துவைத்துக்கொள்ளும், தொட்டவருக்கு வேகமாகக் கொடுக்கவும் செய்யும். அதே சூட்டில் இருக்கும் மரப்பலகை மேல் நின்றுவிடலாம், கல் மேல் நிற்க முடியாது. தேங்காய் நார்ப் பாய் விரிப்பது நல்ல யோசனை, நாருக்கு நடுவில் இருக்கும் காற்று சூட்டை மெதுவாகத்தான் விடும். வெள்ளை வண்ணம் அடித்த பாதையில் வெயில் பட்டுத் திரும்பிவிடுவதால் கல்லே அவ்வளவு சூடேறாது. இரண்டும் உள்ள கோயிலில்கூட மரத்த காலோடு நடுப்பகலில் வெறுங்காலில் நடக்கக் கூடாது. திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர், அத்தனை தூரமும் வெறுங்காலில் நடப்பவர்கள் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் சர்க்கரைக்காரர் யாராவது கிளம்பினால் பாதச் சோதனை செய்துகொண்டாரா என்று கேளுங்கள். சாமியை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. நாங்கள் விடியற்காலையில் போகிறோம், தடித்த காலுறையோடு உள்ளே வரலாமா என்று கேட்டுக்கொள்கிறோம், இதுவரை போன இடங்களில் காரணம் சொன்னதும் மறுக்கவில்லை.

இனி சொரசொரப்பும் வழவழப்பும். இது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி, ஏனென்றால் இதில் ஆசிரியர் அப்பாதான்.

கடையில் புதுப் பையன்கள் துணியை உள்ளங்கையால் அமுக்கிப் பார்ப்பார்கள். அப்பா அதட்டுவார்: "அமுக்காதே, ஓட்டிப் பாரு." அவர் பள்ளிக்கூடம் முடிக்காதவர். அவர் சொன்னதைத்தான் டேவிட் காட்ஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1925-இல் தொடு உணர்ச்சி பற்றிய தன் நூலில் சோதித்து எழுதினார். கண்ணுக்கு எளிதில் தெரியும் அளவு மேடு பள்ளம் இருந்தால், அதாவது மணல் பரு, பிரெய்ல் புள்ளி மாதிரி, விரலை வைத்தாலே அதன் வடிவம் தோலில் பதிந்து தெரிந்துவிடும். சுமார் 0.2 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் வைத்தால் தெரியாது, விரலை நகர்த்த வேண்டும். நகரும்போது ரேகைகள் இழைகளில் தட்டித் தட்டி அதிர்கின்றன, அந்த அதிர்வுதான் நயம் சொல்லும். இதற்கென்றே தோலின் ஆழத்தில் பசீனியன் என்ற உணர்வு உறுப்பு இருக்கிறது, விநாடிக்கு இருநூறு, முந்நூறு அதிர்வைக்கூடப் பிடிக்கும். தோலின் மேல்பக்கத்தில் இருக்கும் மெர்கல் செல்கள் வடிவத்தையும் ஓரத்தையும் சொல்கின்றன, மெய்ஸ்னர் உறுப்புகள் பொருள் நழுவத் தொடங்குவதைச் சொல்கின்றன. ஒரு கையின் உள்பக்கத்தில் இப்படிப்பட்ட தொடு உணர்வு நுனிகள் சுமார் 17,000 இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

அந்த விரல் எவ்வளவு நுட்பமானது என்பதற்கு 2013-இல் ஸ்டாக்ஹோமில் நடந்த ஓர் ஆய்வு உண்டு. வெவ்வேறு அளவு சுருக்கங்கள் போட்ட பரப்புகளைக் கண் தெரியாமல் தடவிப் பார்க்கச் சொன்னார்கள். வெறும் 13 நானோமீட்டர் உயரச் சுருக்கம் உள்ள பரப்பையும் சுருக்கமே இல்லாத பரப்பையும் விரல் பிரித்துவிட்டது. தலைமுடியின் தடிமனில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு அது. அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் ஆச்சரியமே படவில்லை.

துணி வாங்குபவர்களுக்கு இதிலிருந்து உபயோகமானது சில உண்டு. மெதுவாகவும் வேண்டாம், வேகமாகவும் வேண்டாம், நிதானமான ஒரே வேகத்தில் விரலை ஓட்டுங்கள், பாவு திசையில் (நீளவாக்கில்) ஒருமுறை, ஊடை திசையில் (குறுக்குவாக்கில்) ஒருமுறை. வியர்த்த விரல் ஒட்டிக்கொள்ளும், துடைத்துக்கொள்ளுங்கள். காதும் இதில் சேர்த்தி: இரண்டு கைகளையும் தேய்க்கும் சத்தத்தில் உச்ச ஒலியை மட்டும் கூட்டிக் கேட்கவைத்தால், தன் கையே காகிதம் மாதிரி காய்ந்துவிட்டதாக ஆட்கள் உணர்ந்தார்கள் என்று 1998-இல் பின்லாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். பாட்டு அலறும் கடையில் பட்டின் சரசரப்பைக் கேட்காமல் பட்டு வாங்க அப்பா விடமாட்டார், வாசல் பக்கம் எடுத்துவந்து பார்ப்பார்.

'தொட்டால் குளுகுளுவென்று இருக்கிறது, அதனால் இது சுத்தப் பருத்தி' என்று சொல்லி விற்பார்கள், அதை நம்பாதீர்கள். வழவழப்பான எந்தத் துணியும் தோலோடு அதிகம் ஒட்டுவதால் முதல் தொடுதலில் குளிரும், பாலியஸ்டர் சாட்டினும் குளிரும். பஞ்சு எழும்பிய பருத்தித் துணிக்குள் காற்று நிற்பதால் அது கதகதப்பாகத் தோன்றும். கசக்கிப் பாருங்கள், பருத்தி சுருக்கம் வாங்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள், பருத்தி உறிஞ்சும். சந்தேகம் தீராவிட்டால் ஓரத்து நூல் ஒன்றை உருவிக் கொளுத்திப் பாருங்கள்: பருத்தி காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும், பட்டில் முடி கருகும் நாற்றம் வரும், பாலியஸ்டர் உருகி மணியாகக் கெட்டியாகும்.

மழைக்காலத்தில் கொடியில் போட்ட துணி காய்ந்ததா இல்லையா என்ற பிரச்சினை எல்லா வீட்டிலும் உண்டு. மனிதத் தோலில் ஈரத்துக்கென்று ஓர் உணர்வு நுனியே கிடையாது. குளிர்ச்சியும் லேசான ஒட்டலும் சேர்ந்து வந்தால் அதை மூளை ஈரம் என்று கணக்குப் போட்டுக்கொள்கிறது. ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு பாத்திரம் கழுவும்போது, ஒரு சொட்டுக்கூட உள்ளே போகாமலே கை நனைந்த மாதிரி இருப்பது அதனால்தான். அப்புறம் ஐப்பசிக் காற்றில் நின்ற காய்ந்த துணியும் ஈரமாகத் தெரியும். நான் செய்வது இது: துணியின் தடித்த மடிப்பை, பாக்கெட்டோ இடுப்புப் பட்டியோ, கைக்குள் மூடிக் கொஞ்ச நேரம் பிடித்திருப்பேன். காய்ந்த துணி கையின் சூட்டுக்கு வந்துவிடும். ஈரத் துணி அவ்வளவு சீக்கிரம் சூடேறாது, அந்தக் குளிர்ச்சி போக நேரமாகும்.

பாதத்துக்குத் திரும்பி வருகிறேன். வழவழப்பு தெரியாத பாதத்துக்கு வழுக்கப்போவதும் தெரியாது. குளியலறைத் தரையில் சோப்பு நீர் கிடந்தால் நம் கால் முதல் நழுவலிலேயே விரலை ஊன்றிக்கொள்ளும். அப்பாவின் காலுக்கு அந்தத் தகவல் வராது, அதனால் அவர் கண்ணால் நடக்கிறார். பகலில் சரியாக நடப்பவர் விளக்கை அணைத்தால் தடுமாறுவதை நீங்களும் உங்கள் வீட்டில் கவனித்திருக்கலாம். படுக்கையிலிருந்து கழிவறைவரை ராத்திரி விளக்கு எரிய வேண்டும். பின்பக்கம் பட்டை இல்லாத செருப்பு வேண்டாம், நழுவுவது தெரியாது. செருப்பு, ஷூ எதுவானாலும் போடும் முன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். கால் செய்யாத வேலையைக் கை செய்யட்டும் என்று அப்பாவிடம் சொன்னேன், கை என்றதும் ஒத்துக்கொண்டார். ஒருமுறை ஒரு சின்ன ஆணி முனை அப்படித்தான் அவர் கையில் பட்டது. காலுறையின் தையல் தடிப்பு விரலில் அழுத்தாமல் இருக்க உள்வெளியாகத் திருப்பிப் போடுகிறார்.

இந்தப் பழக்கங்களில் பல நமக்குப் பக்கத்திலேயே பிறந்தவை. பால் பிராண்ட் என்ற மருத்துவர் 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர், பெற்றோர் அங்கே ஊழியம் செய்தவர்கள். 1946 முதல் வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் கை கால்களைப் பார்த்தார். விரல்கள் நோயால் அழுகி விழுகின்றன என்று எல்லாரும் நம்பிய காலத்தில், உணர்ச்சி இல்லாமல் சுட்டுக்கொள்வதும் வெட்டுப்படுவதும் தேய்வதும்தான் விரல்களைத் தின்கின்றன, அதைத் தடுக்க முடியும் என்று காட்டினார். வலியை அவர் வரமாகப் பேசியதன் அர்த்தம் அந்தக் கொப்புளத்தைப் பார்த்தபோது எனக்குப் புரிந்தது. தொழுநோயிலும் பெரும்பாலும் முதலில் போவது சூடு, குளிர் உணர்ச்சிதான். உடம்பில் வெளிறிய படை இருந்து, அந்த இடத்தில் சூடோ தொடுவதோ தெரியவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள், சிகிச்சை இலவசம், முழுதாகக் குணமாகும்.

தோல் அளவு சொல்லாது என்று இவ்வளவு நேரம் சொன்னேன். ஆனால் ஒப்பிட்டுச் சொல்வதில் அதை மிஞ்ச ஆளில்லை. உள்ளங்கையின் கட்டை விரல் மேடு 0.2 டிகிரி மாற்றத்தைக்கூடக் கண்டுபிடித்துவிடும். இதை நாங்கள் தினமும் பயன்படுத்துகிறோம். அப்பா படுத்திருக்கும்போது என் புறங்கையை முதலில் ஒரு பாதத்தில், உடனே அடுத்த பாதத்தில் அதே இடத்தில் வைப்பேன், கை மாற்றாமல். ஒரு பக்கம் மட்டும் சுட்டால், வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் உள்ளே சதை நசுங்கி வீங்குகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். மருத்துவர்கள் இதற்கு வைத்திருக்கும் கணக்கு 2.2 டிகிரி. இரண்டு பாதத்தின் ஒரே இடத்துக்கு இடையில் அதற்கு மேல் வித்தியாசம் இருந்து, மறுநாளும் அப்படியே இருந்தால் நடப்பதைக் குறைத்துவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். கொரோனா காலத்தில் வாங்கிய அகச்சிவப்புத் தெர்மாமீட்டர் வீட்டில் இருந்தால் எடுங்கள், பலவற்றில் உடம்புக்கு ஒரு நிலை, பொருளின் பரப்புக்கு ஒரு நிலை என்று இருக்கும், பாதத்துக்குப் பரப்பு நிலையில் வையுங்கள். கை சந்தேகப்பட்டால் கருவி உறுதி செய்யும்.

குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதிலும் இதே வித்தியாசம்தான். நெற்றியில் கை வைத்த அம்மா 'காய்ச்சல் இல்லை' என்றால் பெரும்பாலும் சரியாக இருக்கும், 'காய்ச்சல் அடிக்கிறது' என்றால் தெர்மாமீட்டர் வைத்துத்தான் மருந்து கொடுக்க வேண்டும், கை குளிர்ந்திருந்தால் எல்லா நெற்றியும் சுடும்.

கடைசியாக, சர்க்கரைக்காரர்கள் வருடத்துக்கு ஒருமுறையாவது அந்த நைலான் இழைச் சோதனையையும் இசைக்கவைச் சோதனையையும் கேட்டு வாங்குங்கள். வலியில்லாத சோதனை, சில நிமிடங்களில் முடிந்துவிடும், ஆனால் கூட்டமான நேரத்தில் நாம் கேட்காவிட்டால் சர்க்கரை அளவை மட்டும் பார்த்து அனுப்பிவிடுவார்கள். காலுறையைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்காருங்கள், மருத்துவரின் கண் தானாகப் பாதத்துக்குப் போகும். மெட்ஃபார்மின் மாத்திரை பல வருடம் சாப்பிடுகிறவர்களுக்கு உடம்பில் பி12 குறையலாம், அதுவும் கால் மரத்துப்போக ஒரு காரணம், அதை ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துச் சரிசெய்ய முடியும். அப்பாவுக்கும் குறைந்திருந்தது, ஊசி போட்டார்கள். அந்தப் பரிசோதனையையும் எழுதித்தரச் சொல்லிக் கேளுங்கள்.